வீட்டுக் கணினியும் ஒலி அட்டையும்

கணினி அறிந்தது எண் ஒன்றே. செவி அறிந்தது காற்றின் அசைவு ஒன்றே. இவ்விரண்டுக்கும் பொதுமொழி கிடையாது. எண்ணை மின் அலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பவும், ஒலிவாங்கியில் எழும் மின் அலையை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அளிக்கவும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அம்மொழிபெயர்ப்பைச் செய்யும் உறுப்புக்கே ஒலி அட்டை என்று பெயர்.

இன்று வீடுகளிற் கணினியின் ஒலி மூன்று காரியங்களுக்கு வேண்டப்படுகின்றது. இளைஞர் விளையாடுகின்றனர், இசை விரும்பிகள் பாட்டுக் கேட்கின்றனர், வாய்ப்பாட்டும் வாத்தியமும் பயில்வோர் தம் கலையைத் தாமே பதிவு செய்ய விழைகின்றனர். இம்மூவரும் ஒரே கடைக்குச் சென்று ஒரே பெயரால் ஒரு பொருளைக் கேட்கின்றனர். ஆயின் மூவருக்கும் வேண்டிய பொருள் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் நட்டம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. பாட்டுப் பயிலும் மாணவி ஒருத்தி தன் குரலைப் பதிவு செய்து கேட்கின்றாள் என்று கொள்வோம். இரைச்சலும் மங்கலும் கலந்து அக்குரல் வெளிவருகின்றது. குறை கருவியிலுள்ளது என்பதை அவள் அறியாள். தன் குரலே குறையுடையது என்று எண்ணி, பதிவையும் சில வேளை பயிற்சியையுமே கைவிடுகின்றாள். இத்தகைய பிழையான தீர்ப்பைத் தவிர்த்தற்கேனும் ஒலி அட்டையைப் பற்றிய சில உண்மைகளை அறிந்து வைத்தல் நன்று.

ஒலி அட்டை கணினியோடு உடன்பிறந்ததன்று. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பேர்சனல் கொம்பியூட்டரை வெளியிட்டபோது, அதனுள் இருந்தது சிறிய ஒலிபெருக்கி ஒன்றே. ‘பீப்’ என்று கூவுவதற்கு மேல் அதனாற் செய்யக்கூடியது மிகச் சிறிது. 1987 இல் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த அட்லிப் நிறுவனம், யமஹா நிறுவனத்தாரின் சில்லு ஒன்றைத் தாங்கிய அட்டையை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒரே வேளையில் ஒன்பது சுரங்களை எழுப்பவல்ல அவ்வட்டை, கணினி விளையாட்டுக்கு இசைத் துணையை அளித்தது. 1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ எனும் அட்டையை வெளியிட்டது. சிம் வொங் ஹூ என்பார் 1981 இல் நிறுவிய அந்நிறுவனத்தின் அட்டை, இசையை எழுப்பியதோடு பதிவு செய்த மனிதக் குரலையும் ஒலிக்கச் செய்தது. 1992 இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர் 16’ இறுவட்டின் அளவாகிய 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் எனும் தரத்தை எட்டிற்று. அக்காலத்தில் கணினியில் நல்லோசை வேண்டியவர் அட்டை ஒன்றைத் தனியே வாங்கியே தீரவேண்டும். வேறு வழி அரிது.

பின்னர் நிலைமை மாறிற்று. இன்டெல் நிறுவனம் 1997 இல் ‘ஏ.சி. 97’ எனும் நியமத்தையும், 2004 இல் ‘ஹை டெபினிஷன் ஓடியோ’ எனும் நியமத்தையும் வகுத்தது. அவற்றின் பயனாக, பெரிய அட்டை ஒன்று செய்த வேலை தாய்ப்பலகையின் மூலையிற் பொருத்திய சிறு சில்லு ஒன்றினுள் அடங்கிற்று. 2007 இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்ற்றா, விளையாட்டின் ஒலியை அட்டையே நேரிற் கணக்கிட்டு வந்த பழைய வழியை நீக்கிவிட்டது. அது தொடக்கம் அக்கணக்கைப் பெரும்பாலும் கணினியின் மத்திய செயலியே செய்து வருகின்றது. ஆகவே, முப்பது ஆண்டுகளின் முன் தவிர்க்கமுடியாததாய் இருந்த ஒரு பொருள் இன்று தேவை நோக்கி வாங்கவேண்டிய பொருளாகிவிட்டது. பழைய நினைவோடு கடைக்குச் செல்வோர் இவ்வொன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்று ஒலி அட்டை மூன்று உருவங்களிற் கிடைக்கின்றது. முதலாவது, தாய்ப்பலகையிலேயே அமைந்த சில்லு. கணினியை வாங்கியவர் இதனையும் வாங்கியவரே ஆவர். இரண்டாவது, மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்து, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனும் பொருத்துவாயிற் செருகும் அட்டை. மடிக்கணினிக்கு இது பயன்படாது. இதற்கு முந்திய பி.சி.ஐ. வகை அட்டை புதிய தாய்ப்பலகைகளிற் பெரும்பாலானவற்றிற் பொருந்தாது. பாவித்த பொருளை மலிவாக வாங்க நினைப்போர் இதனை முதலிற் கவனித்தல் வேண்டும். மூன்றாவது, யூ.எஸ்.பீ. வடத்தால் இணைக்கும் வெளிச்சாதனம். விரலளவான சிறு செருகி முதல், பல ஒலிவாங்கிகளை ஒருங்கே ஏற்கும் பெட்டி வரை இவ்வகையில் உள. பதிவுக்கென்று அமைந்த பெட்டியை ‘ஓடியோ இன்டர்பேஸ்’ என்று கடைகளில் வழங்குவர்.

உள்ளே இருத்தலுக்கும் வெளியே இருத்தலுக்கும் உள்ள வேறுபாடு இடத்தைப் பற்றியது மாத்திரமன்று. கணினிப் பெட்டியினுள்ளே மின்னோட்டம் ஒவ்வொரு செக்கனிலும் கோடிக்கணக்கான முறை ஏறி இறங்குகின்றது. வரைவியல் அட்டையும் மின்வழங்கியும் அந்தச் சிறிய அறையிலேயே வேலை செய்கின்றன. சந்தை நடுவே இருந்து இரகசியம் கேட்பவன் நிலைதான் அங்கே ஒலிச் சில்லின் நிலை. நன்கு அமைத்த தாய்ப்பலகைகளில் ஒலிப்பகுதியைப் பிரித்து வைத்திருப்பர். மலிவானவற்றில் அப்பிரிவு போதாமற் போவதுண்டு. வெளிப்பெட்டி இச்சந்தடியிலிருந்து விலகி நிற்கின்றது. வெளியே இருப்பதாற் பெறும் முதல் நன்மை இதுவே.

இனி, பணத்தை எடுக்குமுன் நோயைக் கண்டறிதல் வேண்டும். ஒலியில் உள்ள குறை எத்தகையது, எங்கே பிறக்கின்றது என்று அறியாமல் அட்டையை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் மருந்து பூசுவது போலாகும். இதற்கு வேண்டிய சோதனைகள் எளியன. ஹெட்போனைப் பெட்டியின் முன்பக்கத் துளையிற் செருகியிருப்பவர் அதனைக் கழற்றிப் பின்பக்கத் துளையிற் செருகிப் பார்க்கலாம். முன்பக்கத் துளைக்குச் செல்லும் கம்பி பெட்டியினுள்ளே நெடுந்தூரம் ஓடி, வழியிலுள்ள இரைச்சலையெல்லாம் சேர்த்துக்கொண்டு வருவதுண்டு. பின்பக்கத்தில் இரைச்சல் நீங்குமாயின் புதிய அட்டை வேண்டியதில்லை. மௌஸை அசைக்கும்போதோ திரையை உருட்டும்போதோ கீச்சென்ற ஓசை எழுந்தால், கணினியினுள்ளிருக்கும் மின்சந்தடி ஒலிப்பாதையிற் புகுகின்றது என்று கொள்ளலாம். அந்நிலையில் வெளிச்சாதனம் பெரும்பாலும் பயன்தரும்.

இன்னொரு வகை இரைச்சல் உண்டு. அது தாழ்ந்த குரலில் இடையறாது முரலும். இந்நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடையது. அம்மீடிறனும் அதன் மடங்காகிய 100 ஹேர்ட்ஸும் ஒலிபெருக்கியிற் கலந்து கேட்பதே இம்முரற்சி. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்த்தல் நன்று. கழற்றியதும் முரற்சி நின்றுவிடுமாயின், குற்றம் அட்டையில் இல்லை. கணினியும் ஒலிபெருக்கியும் இரு வேறு வழிகளிற் புவித்தொடுப்புப் பெற்று, அவற்றிடையே சிறு மின்னோட்டம் சுழல்கின்றது. இரண்டையும் ஒரே மின்பலகையில் இணைத்தாற் பல வேளை இது நீங்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கூறவேண்டியது: முரற்சியைப் போக்கும் பொருட்டு மின்செருகியின் புவித்தொடுப்பை ஒருபோதும் நீக்குதலாகாது. ஓசை போகும், உயிரும் போகக்கூடும்.

மூன்றாவது சோதனை இன்னும் எளிது. அதே பாட்டை அதே ஹெட்போனிற் கைத்தொலைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்தல். பின்னர் நண்பர் ஒருவரின் நல்ல ஹெட்போனைப் பெற்றுக் கணினியிற் கேட்டுப் பார்த்தல். ஹெட்போனை மாற்றியதும் ஒலி தெளிந்தால், பணம் செல்லவேண்டிய இடம் ஹெட்போனே. காற்றை அசைக்கும் பொருளிலேயே குறைகள் மிகுதியாக உள. ஒலிபெருக்கி ஒன்றுக்கும் மற்றொன்றுக்குமுள்ள வேறுபாடு, நல்ல நிலையிலுள்ள சில்லு ஒன்றுக்கும் மற்றொன்றுக்குமுள்ள வேறுபாட்டிலும் பன்மடங்கு பெரிது.

இம்மூன்று சோதனைகளின் பின்னும் அட்டை வேண்டும் என்று துணிந்தவர் தம் தேவையை நோக்கித் தேர்தல் வேண்டும். முதலில் இசை கேட்போரை எடுத்துக்கொள்வோம்.

இசை கேட்போரை மயக்குவன பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களே. 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ், 384 கிலோஹேர்ட்ஸ் என்று அவை ஏறிக்கொண்டே போகின்றன. கிலோஹேர்ட்ஸ் என்பது ஒலியலையை ஒரு செக்கனில் எத்தனை ஆயிரம் முறை அளக்கின்றனர் என்பதைக் குறிக்கும். ஓர் அலையைக் குறைவின்றி மீட்டெழுப்ப, அதன் மீடிறனின் இருமடங்குக்கு மேலாக அளந்தாற் போதும் என்பது ஹரி நைக்விஸ்ட், குளோட் ஷனொன் எனும் அறிஞர் இருவரின் பெயரால் வழங்கும் தேற்றம். மனிதச் செவி கேட்கும் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். வயது ஏற ஏற அவ்வெல்லை இறங்கும். இறுவட்டில் ஒலியை அளப்பது செக்கனுக்கு 44,100 முறை. அதிற் பாதி 22,050. செவியின் எல்லை அதனுள் அடங்கிவிட்டது. 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டின் எண் கேட்போருக்கு இன்றும் போதுமானதாய் இருத்தற்குக் காரணம் இதுவே.

பிட் என்பது ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுட்பமாகக் குறித்து வைக்கின்றனர் என்பதைக் காட்டும். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் வீதம், 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டுக்குக் கணக்கின்படி 144 டெசிபல் உண்டு; ஆயின் மின்னுறுப்புக்களுக்கு இயல்பாயுள்ள இரைச்சலினால், நல்ல கருவிகளும் 120 டெசிபலை அண்மித்தே நிற்கின்றன. கேட்டலுக்கு 16 பிட்டே நிரம்பப் போதும். 24 பிட்டின் உண்மையான பயன் பதிவு செய்யும்போதே தெரியவரும்.

ஆயின் இசை கேட்போர் நோக்கவேண்டிய எண் ஒன்று உண்டு. அது ஹெட்போனின் மின்தடங்கல். பொதுவாகக் கிடைக்கும் ஹெட்போன்கள் 32 ஓம் அளவின. கலையகங்களிற் பாவிக்கும் சில 250 அல்லது 300 ஓம் உடையன. இத்தகையவற்றைச் சாதாரணத் துளையிற் செருகினால் ஒலி மெலிந்து கேட்கும். அவற்றுக்குப் போதிய வலுவூட்டும் பெருக்கி கொண்ட அட்டையோ வெளிச்சாதனமோ வேண்டும். மறுபுறத்தில், அட்டையின் வெளியீட்டுத் தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நல்ல நியமம். 32 ஓம் ஹெட்போனுக்கு அது 4 ஓம். இதனை மீறினாற் சில ஹெட்போன்களிற் தாழ்சுரங்கள் பருத்தும் சில சுரங்கள் அமுங்கியும் கேட்கும். 192 எனும் எண்ணைக் கடைக்காரர் கேளாமலே சொல்வார். இந்த எண்ணைக் கேட்டால்தான் தேடிப் பார்ப்பார்.

அடுத்து, விளையாடுவோர். காலடியோசை எத்திசையினின்று வருகின்றது என்பதை உடனே உணர்வதே இவர்களுக்கு வேண்டியது. அதற்கு எட்டு ஒலிபெருக்கிகள் வேண்டும் என்று கருதி ‘7.1’ என்று பொறித்த அட்டையை நாடுவர். மனிதனுக்கு உள்ளனவோ இரு செவிகள். ஓசை ஒரு செவியை முந்தி, மறுசெவியைப் பிந்தி அடையும் மிகச் சிறு கால வேறுபாட்டினாலும், தலையும் செவிமடலும் ஓசையை மாற்றும் வகையினாலும் மூளை திசையை அறிகின்றது. இம்மாற்றத்தைக் கணக்கிட்டு இரு செவிகளுக்கு மாத்திரம் அனுப்பினால், சாதாரண ஹெட்போனிலேயே முன்னும் பின்னும் ஓரளவு புலப்படும். பல விளையாட்டுக்களே இக்கணக்கைச் செய்கின்றன. 2017 தொடக்கம் விண்டோஸ் 10 இலும் ‘விண்டோஸ் சொனிக்’ எனும் பெயரில் இவ்வசதி விலையின்றிக் கிடைத்து வந்தது. அதன் பின் வந்த விண்டோஸிலும் அது உண்டு. விளையாட்டு ஒருமுறை கணக்கிட்டு, அட்டையின் மென்பொருள் மறுமுறை கணக்கிட்டால் திசை தெளியாது, குழம்பும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிடல் வேண்டும்.

உண்மையிலேயே அறையைச் சூழ ஒலிபெருக்கிகள் வைத்திருப்போருக்குத் தனி அட்டை சில வேளை பயன்படும். ஆயின் அவரும் இணைப்பு வகையை நோக்கல் வேண்டும். ஒளிக்கம்பி வழியே சுருக்காத நிலையில் இரு பாதை ஒலியே செல்லும். ஆறு பாதை ஒலியை அனுப்ப வேண்டுமாயின், ‘டொல்பி டிஜிற்றல் லைவ்’ போன்ற முறையால் உடனுக்குடன் சுருக்கவல்ல அட்டை வேண்டும். எச்.டி.எம்.ஐ. வடமோ எட்டுப் பாதைகளையும் சுருக்காமலே கொண்டுசெல்லும். அவ்வடத்தை ஏற்கும் ஒலிபெருக்கித் தொகுதி இருக்குமாயின் வரைவியல் அட்டையின் துளையே போதும்; ஒலி அட்டைக்கு வேலையில்லை.

விளையாடுவோருக்குப் பெரும் இடையூறு செய்வது ஒலி அட்டையன்று. கம்பியில்லா ஹெட்போனின் தாமதமே. புளூடூத் வழியாக வரும் ஒலி பெரும்பாலும் 100 மில்லிசெக்கனுக்கு மேற் பிந்தி வருகின்றது. திரையில் வெடித்தது செவியிற் பிறகு வெடிக்கும். கம்பியுள்ள ஹெட்போன், அல்லது தனக்கென்று யூ.எஸ்.பீ. வாங்கி கொண்ட கம்பியில்லா ஹெட்போன் இவ்விடரைத் தீர்க்கும். சுருங்கக் கூறின், இரைச்சலற்ற தாய்ப்பலகையும் கம்பியுள்ள நல்ல ஹெட்போனும் உடைய இளைஞருக்கு அட்டை வாங்கிக் கொடுக்கும் செலவு மிச்சம்.

மூன்றாமவர் வீட்டிற் பதிவு செய்வோர். இவருக்கே தனிச்சாதனம் இன்றியமையாதது. முன்னைய இருவருக்கும் எண் ஒலியாக வெளியே செல்லும் வழிதான் முக்கியம். இவருக்கோ ஒலி எண்ணாக உள்ளே வரும் வழி முக்கியம். தாய்ப்பலகையிலும் விளையாட்டு அட்டையிலும் அவ்வழி பெரும்பாலும் ஒடுங்கியதே. ஒலிவாங்கியில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கு. அதனைப் பன்னூறு மடங்கு பெருக்குதல் வேண்டும்; பெருக்கும்போது இரைச்சல் சேராதிருத்தல் வேண்டும். கணினியின் இளஞ்சிவப்புத் துளை உரையாடலுக்கு அமைந்தது. பாட்டுக்குரிய பெருக்கி அங்கே இல்லை.

பதிவுப் பெட்டியில் நோக்கவேண்டியன ஐந்து. முதலாவது, மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளை. அதில் ஒலி இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகச் சென்று, வழியில் இரு கம்பிகளிலும் ஒருசேரப் படியும் இரைச்சல் முடிவிற் கழிந்துபோகின்றது. இரண்டாவது, 48 வோல்ற் மின்னூட்டம். கலையகத் தரமான கண்டென்சர் ஒலிவாங்கிகள் இம்மின்னூட்டமின்றி இயங்கா. மூன்றாவது, உயர்தடங்கல் உள்ளீடு. மின் கிற்றாரையோ, உணரி பொருத்திய வீணையையோ நேரே இணைப்போருக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் அளவான துளை வேண்டும். இல்லையெனில் உச்சச் சுரங்களின் ஒளி மங்கிவிடும். நான்காவது, உள்ளீடுகளின் எண்ணிக்கை. பாடுபவர் ஒருவராயின் ஒன்று போதும். பாட்டுக்கு ஒன்றும் மிருதங்கத்துக்கு ஒன்றுமாக வேறு வேறாகப் பதிய விரும்பினால் இரண்டு வேண்டும். 2011 இல் பிரித்தானியாவின் போகஸ்றைற் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கார்லற் 2ஐ2’ போன்ற இரு உள்ளீட்டுப் பெட்டிகளே வீட்டுப் பதிவாளரிடையே மிகப் பரவியவை. தவில், நாதசுரம் என்று குழுவாக வாசிப்போருக்கு இரண்டு போதா. பின்னர் வருந்துவதிலும் முன்னரே நான்கோ எட்டோ உடையதை வாங்குதல் சிக்கனம்.

ஐந்தாவது, தாமதம். பாடுபவர் தம் குரலைத் தாமே ஹெட்போனிற் கேட்டுக்கொண்டு பாடுகின்றார். குரல் எண்ணாகிக் கணினிக்குட் சென்று மீண்டும் ஒலியாகி வருதற்கு நேரம் ஆகின்றது. கணினி எண்களை ஒவ்வொன்றாகக் கையாளாது. கூடை கூடையாகச் சேர்த்தே கையாளும். கூடை ஒன்றில் 1024 அளவுகளை வைத்து, செக்கனுக்கு 48,000 வீதம் பதிந்தால், ஒரு கூடை நிறைய 21 மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். உட்செல்ல ஒன்றும் வெளிவர ஒன்றுமாக அது இரட்டிக்கும். தாளத்தில் நிற்பவருக்கு இது பெருங்கேடு. கூடையை 128 ஆகக் குறைத்தால் ஒன்றுக்கு 2.7 மில்லிசெக்கனே ஆகும்; ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் அமர்ந்திருப்பவரின் ஓசை காற்றில் வந்து சேர ஆகும் நேரம் அவ்வளவுதான். கூடையைச் சிறிதாக்கியும் ஒலி அறுபடாது ஓட வேண்டுமாயின், சாதனத்தோடு வரும் இயக்கு மென்பொருள் நன்றாய் இருத்தல் வேண்டும். விண்டோஸிற்கு, ஸ்ரைன்பேர்க் நிறுவனம் வகுத்த ‘ஏசியோ’ எனும் நியமப்படி உற்பத்தியாளர் தாமே எழுதிய மென்பொருள் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். குரலைக் கணினிக்குட் செலுத்தாமற் பெட்டியிலிருந்தே நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அது இருப்பின் தாமதம் பாடகரைத் தொடாது.

தனியே பேசவோ பாடவோ மாத்திரம் பதிபவருக்கு இன்னுமொரு வழி உண்டு. யூ.எஸ்.பீ. ஒலிவாங்கி தன் ஒலி அட்டையைத் தன்னுள்ளேயே கொண்டது. வேறு பெட்டி வேண்டியதில்லை. ஆயின் பின்னர் இரண்டாவது ஒலிவாங்கியைச் சேர்க்க விரும்பினால் இடர் உண்டாகும். வளர நினைப்பவர் பெட்டியையும், இவ்வளவே போதுமென்பவர் யூ.எஸ்.பீ. ஒலிவாங்கியையும் தேர்க.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று அமைத்தல் போதும். 24 பிட்டில் இடைவெளி விசாலமாதலால் ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றவேண்டியதில்லை. உரத்த இடத்தில் அளவுகாட்டி கழித்தல் 12 டெசிபலைத் தொடுமாறு வைத்தால், பாடகர் திடீரெனத் தாரத்தாயியில் எழுந்தாலும், மிருதங்கத்தில் வலிய சொல் விழுந்தாலும் ஒலி உடையாது. ஒரு பாதையில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் செல்லும். 192 கிலோஹேர்ட்ஸில் அது நான்கு மடங்காகும். கேட்கும் பயன் மடங்காவதில்லை.

எத்துணை விலையுயர்ந்த பெட்டியும் அறையின் குறையைத் தீர்க்காது. மின்விசிறி, திறந்த சாளரம், வெறுஞ்சுவர், தகரக் கூரையில் விழும் மழை ஆகியவற்றின் ஓசையை ஒலிவாங்கி ஒளிக்காது சொல்லிவிடும். விசிறியை நிறுத்தி, துணிகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, கனத்த திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் பாடினாற் பாதி இடர் தீரும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாற் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் ஓசை உயராது. சுருதிப் பெட்டியின் ஒலியை ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடினால், அது குரற்பதிவிற் கலவாது. பின்னர் வேண்டிய அளவிற் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை.

கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான சில கேள்விகள். சாதனம் யூ.எஸ்.பீ. வடத்திலிருந்தே மின்னைப் பெறுமா, தனி மின்னேற்றி வேண்டுமா? வடத்திலிருந்தே பெறுமாயின், மின்சாரம் தடைப்பட்ட வேளையிலும் மடிக்கணினியின் மின்கலத்தில் வேலை தொடரும். வீட்டிலுள்ள கணினியின் இயங்குதளத்துக்கு உரிய மென்பொருளை உற்பத்தியாளர் இன்னும் வழங்கி வருகின்றாரா? பழைய சாதனங்கள் பல, உறுப்புக் கெடாமலே மென்பொருள் இல்லாமையால் மேசைக்கடியிற் கிடக்கின்றன. கடையில் உத்தரவாதம் எத்தனை மாதம்? இரைச்சல் காணின் மாற்றித் தருவரோ?

பணத்தைப் பகிரும் வரிசையையும் கூறிவிடலாம். கேட்போருக்கு முதலில் ஹெட்போன் அல்லது ஒலிபெருக்கி. சோதனையிற் குறை கண்டால் மாத்திரம் சிறு வெளிச்சாதனம். விளையாடுவோருக்கும் அதே வரிசை. கம்பி என்ற சொல்லை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். பதிவோருக்கு முதலில் அமைதியான அறை, அடுத்து ஒலிவாங்கி, அதன்பின் இரு உள்ளீட்டுப் பெட்டி, பின்னரே ஏனையவை. இம்மூன்றையும் ஒரே வீட்டிற் செய்வோர் இருப்பின், பதிவுப் பெட்டி ஒன்றே மூன்றுக்கும் போதியதாகும். அது இசையையும் விளையாட்டொலியையும் தெளிவாக அளிக்கும். விளையாட்டு அட்டையோ பதிவுப் பெட்டியின் வேலையைச் செய்யாது. ஆதலால் ஐயம் வந்தவிடத்து, ஒலியை உள்ளே கொணரும் வழி நல்லதாய் உள்ள சாதனத்தின் பக்கமே துலாக்கோல் சாய்தல் முறை.

விலைப்பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறும், பெயர்களும் மாறும். செவி மாறுவதில்லை. பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்குமுன் வீட்டிலுள்ள ஒலியை ஒருநாள் இரவு அமைதியாக அமர்ந்து கேட்டுப் பார்ப்பவர், தமக்கு வேண்டியது இன்னதென்று தாமே அறிந்துகொள்வர். அவ்வாறு அறிந்து கடைக்குச் செல்பவரை எந்த எண்ணும் எளிதில் ஏமாற்றாது.